கங்கோத்ரியில் எந்த வழி? தபோவன், கேதார்தால், வாசுகிதால், காளிந்தி கணவாய்: மதுரையிலிருந்து போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

உத்தரகண்டின் கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குப் போகத் திட்டமிடும் குழுக்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் பாதையைத் தேர்ந்தெடுக்கின்றன. கேதார்தால் ஏரியில் தலய் சாகர் சிகரத்தின் பிம்பம் விழுந்து கிடக்கும் படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் எந்தப் பாதையில் போவது என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்க வேண்டும்: ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் தூங்குகிறோம், ஒருவருக்கு முடியாமல் போனால் அவரை எப்படிக் கீழே கொண்டுவருவது, கையில் எத்தனை நாள் விடுப்பு இருக்கிறது. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் இமயத்துக்குப் புதிதான குழுவுக்குத் தபோவன்தான் சரி. அதை ஒழுங்காக முடித்தவர்களுக்கு அடுத்தது வாசுகிதால் ஏரி. கேதார்தால் தூரத்தில் சிறியது என்பதால் சுலபமானது என்று எண்ணப்படுகிறது. உண்மையில் தபோவனைவிடக் கடினம். காளிந்தி கணவாய் இவற்றோடு ஒரே வரிசையில் வைக்க வேண்டியதே இல்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பனியாறு. கங்கோத்ரி பனியாறு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளம். சௌகம்பா மலைத்தொகுதியிலிருந்து வடமேற்காக இறங்கி கோமுகத்தில் முடிகிறது. அந்த முனையிலிருந்துதான் பாகீரதி ஆறு வெளியே வருகிறது. பழங்காலத்தில் இதே பனியாறு கங்கோத்ரியையும் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. அவ்வளவு கனமான பனி அரைத்துக்கொண்டு போனதால் பிரதானப் பள்ளத்தாக்கின் தரை அகலமாகவும், ஏற்றம் நிதானமாகவும் இருக்கிறது. கங்கோத்ரியிலிருந்து போஜ்பாசா வரை 14 கிலோமீட்டர் நடந்தால் ஏறுவது சுமார் 700 மீட்டர்தான். பக்கப் பள்ளத்தாக்குகளில் இருந்த பனியாறுகள் சிறியவை. அவற்றால் அவ்வளவு ஆழம் தோண்ட முடியாது. அதனால் இப்படிப்பட்ட மலைகளில் பக்கப் பள்ளத்தாக்கின் வாய் பிரதானப் பள்ளத்தாக்கின் தரைக்கு வெகு மேலே தொங்கும், ஓடை குறுகிய இடுக்கு வழியாக விழுந்து இறங்கும். கேதார் கங்கை வழியாகக் கேதார்தாலுக்குப் போகிறவர் அந்தப் படியை முதல் நாளே ஏற வேண்டும். ஏறும் உயரம் போஜ்பாசாவுக்கு ஏறும் அதே 700 மீட்டர், தூரம் மட்டும் 8 கிலோமீட்டர். வரைபடத்தை விரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

உயரக் கணக்கு எளிது. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். மதுரைக்காரர் தூங்கும் உயரம் கடல்மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர். கங்கோத்ரி ஏறக்குறைய 3,100. நேரே காரில் போய் கங்கோத்ரியில் இறங்கி மறுநாள் காலை நடக்கத் தொடங்கும் திட்டம் எந்தப் பாதைக்கும் ஆகாது. உத்தரகாசியில் (1,158 மீட்டர்) ஓர் இரவு, ஹர்சிலில் (சுமார் 2,600) ஓர் இரவு, கங்கோத்ரியில் இரண்டு இரவு என்பதே அடிப்படை. கங்கோத்ரியில் கிடைக்கும் முழு நாளில் படுத்துக் கிடக்காமல் 300 மீட்டர் ஏறி இறங்கிவிட்டு வந்து தூங்குவது நல்லது.

கொடைக்கானலில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனால் உடம்பு பழகிவிடும் என்று நம் பக்கம் பலர் நினைக்கிறார்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். உடம்பு உயரத்துக்குப் பழகும் மாற்றம் பெரிதாகத் தொடங்குவதே 2,500 மீட்டர் வாக்கில். அதுவும் மதுரைக்கு இறங்கி ரயிலில் இரண்டு இரவு போனதும் மிச்சம் இருக்காது. கொடை மலை காலுக்குப் பயிற்சி தரும், அவ்வளவே.

இனி பாதைகள்.

தபோவன் (சுமார் 4,400 மீட்டர்) சிவலிங்கச் சிகரத்தின் (6,543) அடியில் உள்ள புல்வெளி மேடை. கங்கோத்ரியிலிருந்து சீர்பாசா 9 கிலோமீட்டர், அங்கிருந்து போஜ்பாசா 5 கிலோமீட்டர். போஜ்பாசாவில் அரசு விடுதி இருக்கிறது, ஆசிரமம் இருக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது. ஒருவருக்கு உடம்பு சரியில்லையென்றால் அகலமான நடைபாதையில் கங்கோத்ரிக்கு இறக்கிவிடலாம். இந்த வசதி கேதார்தால் பாதையில் கிடையாது. போஜ்பாசாவில் இரண்டு இரவு தங்க வேண்டும். கங்கோத்ரியிலிருந்து ஒரே நாளில் 700 மீட்டர் கூடியிருப்பதால் இது கட்டாயம். நடுநாளில் கோமுகம் தெரியும் இடம் வரை போய் வரலாம். முனைக்குக் கிட்டப் போகக் கூடாது. அந்தப் பனிச்சுவரிலிருந்து வீடளவு துண்டுகள் முன்னறிவிப்பில்லாமல் உடைந்து விழும், மேலே ஒட்டியிருக்கும் கற்களும் சேர்ந்து வரும்.

போஜ்பாசா இருப்பது ஆற்றின் வலக்கரையில், தபோவன் இடப்பக்கம். முன்பு கோமுகத்துக்கு மேலே பனியாற்றின் முதுகிலேயே குறுக்கே கடந்து போவார்கள். முனை உடைந்து பின்வாங்கிக்கொண்டே இருப்பதால் அந்த வழி குலைந்துவிட்டது. இப்போது போஜ்பாசாவிலேயே கம்பியில் தொங்கும் தொட்டியில் ஆற்றைக் கடந்து, இடக்கரை வழியாக நடப்பதே வழக்கம். தொட்டியில் ஒரு நடைக்குச் சிலர்தான் போக முடியும், கயிற்றைக் கையால் இழுக்க வேண்டும். பன்னிரண்டு பேரும் சுமைதூக்கிகளும் மூட்டைகளும் என்றால் கடக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை ஆறு மணிக்குத் தொட்டியடியில் நிற்காத குழு, மொரைன் (பனியாறு குவித்த கல்மேடு) ஏற்றத்தை வெயிலில்தான் ஏறும். இழுக்கும்போது கம்பியிலோ உருளையிலோ கை வைக்கக் கூடாது. விரல் நசுங்குவது அங்கேதான்.

கடைசி ஏற்றம்தான் இந்தப் பாதையின் சோதனை. மொரைன் என்பது பனியாறு தள்ளிக்கொண்டு வந்து ஓரத்தில் குவித்த கல்லும் மணலும். பார்க்க மண்மேடு மாதிரி இருக்கும். ஆனால் மண்ணைப் பிடித்துவைக்க வேர் இல்லை, சில இடங்களில் அடியில் பனிக்கட்டி இருக்கிறது. காலை குளிரில் ஈரம் உறைந்து கற்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். வெயில் பட்டு இரண்டு மணி நேரத்தில் ஒட்டு விட்டுப்போகும், கல் தானாகவே உருளத் தொடங்கும். பத்து மணிக்குள் மேலே போய்விட வேண்டும் என்று வழிகாட்டி அவசரப்படுத்துவது இதனால்தான். ஏறும்போது ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் வரக் கூடாது. இடைவெளி விட்டு, சற்றுக் குறுக்காகப் போக வேண்டும். அல்லது கிட்டத்தட்ட ஒட்டியே போக வேண்டும், அப்போது உருளும் கல் வேகம் பிடிக்காது. நடுத்தர இடைவெளிதான் ஆபத்து. கல்லின் மேல் கால் வைக்குமுன் அதன் அடியைப் பாருங்கள். ஈரமாகக் கறுத்து மினுங்கினால் அது மண் இல்லை, பனிக்கட்டி. கல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை நம்பக் கூடாது. ஹெல்மெட் இல்லாமல் இந்த இடத்தில் ஏறுகிறவர்களே அதிகம். தலைக்கு 300 கிராம் எடை, அதைச் சுமக்கத் தயங்க வேண்டாம்.

மேலே போனதும் தலைவலி வருவது சகஜம். சோறு வேண்டாம் என்று தோன்றினால், வாந்தி வந்தால், அன்று அதற்கு மேல் ஏறக் கூடாது. குதிகாலை மறுகால் விரலில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று வைத்துக்கொண்டு, இரவானாலும் கீழே இறக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். அதற்கும் மருந்து இறக்கம்தான். டயமாக்ஸ் (உயர நோயைத் தடுக்கும் மாத்திரை) 125 மில்லிகிராம் காலை, மாலை என்று ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து எடுப்பது வழக்கம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. அதைப் போட்டுக்கொண்டு திட்டத்தில் ஒரு நாளைக் குறைப்பது மருந்தைத் தவறாகப் பயன்படுத்துவது.

கேதார்தால் 4,750 மீட்டர். கங்கோத்ரியிலிருந்து போஜ்கரக் (சுமார் 3,780), கேதார்கரக் (சுமார் 4,270), பிறகு ஏரி. ஒரு வழி 17, 18 கிலோமீட்டர்தான். மூன்று நாளில் போய் வந்துவிடலாம் என்று விற்கப்படும் திட்டங்கள் இருக்கின்றன. அப்படிப் போகிறவர்களில் பலர் கேதார்கரக்கிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். குறைந்தது ஐந்து நாள் ஒதுக்கி, ஏரிக்குக் காலையில் போய்விட்டு இரவு தூக்கத்துக்குக் கேதார்கரக்குக்கே இறங்கிவிட வேண்டும்.

ஆனால் எங்கள் தயக்கம் உயரத்தைப் பற்றி மட்டும் இல்லை. கங்கோத்ரிக்கும் போஜ்கரக்குக்கும் இடையே பாறையை ஒட்டி, பள்ளத்துக்கு மேலே போகும் குறுகிய பகுதி ஒன்று உண்டு, ஸ்பைடர் வால் என்பார்கள். நடக்கத் தெரிந்தவர் தாண்டிவிடலாம். மயங்கிய ஒருவரை முதுகில் சுமந்து அதைத் தாண்டுவதை நினைத்துப் பாருங்கள். போஜ்கரக்குக்கு மேலே மலைச்சரிவு இடிந்து கிடக்கும் பகுதி வருகிறது. பரல் ஆடுகள் மேலே மேயும்போது தட்டிவிடும் கல்லே போதும். அந்த இடத்தில் நின்று படம் எடுப்பதும், பின்னால் வருகிறவருக்காகக் காத்திருப்பதும் கூடாது. ஒருவர் மேலே பார்க்க, ஒருவர் ஒருவராக ஓட்டமும் நடையுமாகக் கடக்க வேண்டும். திரும்பி வரவும் அதே வழிதான், அதே சரிவு, இந்த முறை மதிய வெயிலில். ஏற்கனவே 4,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கிப் பழகிய, பாறையில் கால் நடுங்காத நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுவுக்கு இது மிக அழகான பாதை. பதினைந்து பேர் கல்லூரி நண்பர்கள் குழுவுக்கு வேண்டாம்.

நந்தன்வன், வாசுகிதால் வழியில்தான் பனியாற்றை உண்மையிலேயே கிட்டத்தில் பார்க்கலாம். வலக்கரையிலேயே கோமுகத்தைத் தாண்டி, ரக்தவர்ண ஓடையையும் சதுரங்கி பனியாற்றின் கல்மேட்டையும் கடந்து, பாகீரதிச் சிகரங்களின் அடியில் நந்தன்வன் (சுமார் 4,340). அங்கிருந்து சதுரங்கியின் ஓர மொரைனைப் பிடித்துக்கொண்டு வாசுகிதால் (சுமார் 4,880). போஜ்பாசாவில் இரண்டு இரவு, நந்தன்வனில் இரண்டு இரவு கட்டாயம். வாசுகிதாலுக்குப் பகலில் போய் வந்துவிட்டால் போதும், தூங்க வேண்டியதில்லை.

இந்தப் பாதையில் தவறு நடப்பது ஓடையில். பனி உருகி வரும் தண்ணீர் காலை ஆறு மணிக்கு முழங்காலுக்குக் கீழே இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு அதே ஓடை இடுப்பளவு. பால் கலந்த சாம்பல் நிறத் தண்ணீர் என்பதால் அடி தெரியாது. உருளும் கற்களின் சத்தம் மட்டும் கேட்கும். கடக்குமுன் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையைக் கழற்ற முடிய வேண்டும். செருப்பில்லாமல் இறங்கக் கூடாது. மதியத்துக்குப் பின் ஓடைக்கு வந்து சேர்ந்தால் இந்தப் பக்கமே கூடாரம் போட்டு மறுநாள் விடியலில் கடப்பதுதான் சரி. இன்னொன்று: இங்கே பாதை என்று ஒன்று நிலையாகக் கிடையாது. கல் அடுக்கி வைத்த அடையாளம் போன வருடத்தினுடையதாக இருந்தால், அது காட்டும் இடத்தில் இப்போது குழி இருக்கலாம். வழிகாட்டியை ஏற்பாடு செய்யும்போது "நந்தன்வன் தெரியுமா" என்று கேட்காதீர்கள். "இந்தப் பருவத்தில் போனீர்களா, எந்த மாதம்" என்று கேளுங்கள். 40 மீட்டர் கயிறு ஒன்று குழுவிடம் இருக்க வேண்டும், அதைக் கட்டத் தெரிந்தவர் வழிகாட்டி தவிர இன்னொருவராவது இருக்க வேண்டும்.

காளிந்தி கணவாய் ஏறக்குறைய 5,950 மீட்டர். வாசுகிதாலைத் தாண்டி, பனிப்பிளவுகள் உள்ள பனியாற்றில் கயிறு பூட்டி நடந்து, கணவாயைக் கடந்து, அர்வா பள்ளத்தாக்கு, கஸ்தோலி வழியாகப் பத்ரிநாத்தில் இறங்க வேண்டும். நடுவில் ஒருவர் படுத்தால் எந்தப் பக்கமும் மூன்று நாள். எல்லைப் பகுதி என்பதால் உள்கோட்டு அனுமதியும் (இன்னர் லைன் பெர்மிட்) வேண்டும். உத்தரகாசியில் 1965 முதல் இயங்கும் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்திலோ அதற்கு நிகரான இடத்திலோ அடிப்படைப் பயிற்சி முடித்த இருவராவது இல்லாத குழு இதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பயிற்சி முடித்தவர்களுக்கும் ஒரு பரிந்துரை: முதலில் ருதுகைரா (5,819) போன்ற ஒரு சிகரத்தில் க்ராம்பானும் (பனியில் நடக்கக் காலணியில் மாட்டும் இரும்பு முள்) கயிறும் கையில் பழகட்டும்.

விடுப்பு விஷயத்துக்கு வருவோம். தபோவனுக்கு விமானத்தில் டெல்லி போய் வந்தால் 14 நாள்: ரிஷிகேஷ், உத்தரகாசி, ஹர்சில் ஓர் இரவு வீதம், கங்கோத்ரி இரண்டு, போஜ்பாசா இரண்டு, தபோவன் இரண்டு, இறங்கும்போது போஜ்பாசா, கங்கோத்ரி, உத்தரகாசி, டெல்லி. நிஜாமுதீன் ரயிலில் போய் வந்தால் 17 நாள். வாசுகிதாலுக்கு இதோடு இரண்டு நாள், கேதார்தாலுக்கு ஏறக்குறைய தபோவன் அளவே, காளிந்திக்கு ஒரு வாரத்துக்கு மேல். மலைச்சரிவால் சாலை மூடினால் தாங்க, இறங்கும் பக்கம் ஒரு நாளாவது உபரியாக இருக்க வேண்டும். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, திரும்பும் டிக்கெட்டையும் அந்தந்த நாள் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

பள்ளிக்கூட விடுமுறை என்பதால் பலருக்கு மே மாதம்தான் வசதி. மே மத்தியிலிருந்து ஜூன் மத்தி வரை தபோவன் போகலாம், ஆனால் சார்தாம் யாத்திரைக் கூட்டத்தில் கங்கோத்ரியில் அறை கிடைப்பது பெரும்பாடு. உயரமான ஓடைப் பள்ளங்களில் பழைய பனி கிடக்கும். ஜூன் தொடக்கத்திலும் பனிப்புயல் வரும். 2024 ஜூனில் அதே உத்தரகாசி மாவட்டத்தில் சஹஸ்திர தால் பாதையில் கர்நாடகக் குழுவைச் சேர்ந்த ஒன்பது பேர் இறந்தார்கள். அது கயிறு கட்டி ஏறும் பாதையே இல்லை, குளிரும் காற்றும்தான் கொன்றன. ஜூன் கடைசி முதல் செப்டம்பர் முற்பாதி வரை அங்கே மழைக்காலம். 2025 ஆகஸ்ட் 5 அன்று ஹர்சிலுக்கு அருகே தராலி கிராமத்தை வெள்ளமும் சேறும் அடித்துப்போனது. நம் ஊர் மழைக்காலம் ஐப்பசி, கார்த்திகை என்பதால் ஆகஸ்ட் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. எங்கள் தேர்வு செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 10 வரை. ஓடைகள் வடிந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், காலாண்டு விடுமுறையும் இதில் வரும். தீபாவளி விடுமுறையில் போனால் தபோவனில் இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியைத் தாண்டும். தீபாவளிக்கு மறுநாள் கோயில் நடை சாத்தியதும் கங்கோத்ரியே காலியாகிவிடும்.

காலுக்குப் பயிற்சி நம் பக்கமே செய்யலாம். அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கை வரை 12 கிலோ பையோடு வாரம் இருமுறை. கடைசி இரண்டு மாதத்தில் கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி வழியாக வட்டக்கானல் வரை ஒரே நாளில் ஏற்றம், மறுநாள் இறக்கம். 1,500 மீட்டருக்கு மேல் ஏற்றம் இருப்பதால் தபோவன் நாளைவிட இது கடினம். இறக்கத்தைப் பேருந்தில் கழிக்காதீர்கள், முழங்கால் பழகுவது இறங்கும்போதுதான். வனத்துறை அனுமதி வாங்கியே போக வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியவர்களைக் கொன்ற காட்டுத்தீக்குப் பிறகு கோடையில் காட்டுப் பாதைகள் மூடப்படுவது நியாயமானதே. செப்டம்பரில் கிளம்புகிறவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் பயிற்சி மாதங்கள்.

சாப்பாட்டில் ஒரு விஷயம் முக்கியம். தபோவனில் தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பொன்னி அரிசி வெளியே குழைந்து உள்ளே அரிசியாகவே இருக்கும், துவரம்பருப்பு வேகவே வேகாது. மூன்று லிட்டர் குக்கர் ஒன்று கட்டாயம், எடை கூடினாலும் எரிவாயுவில் அதைவிட அதிகம் மிச்சமாகும். எரிவாயுக் குப்பியை ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோக முடியாது, டேராடூனிலோ உத்தரகாசியிலோ வாங்குங்கள். தலைக்கு ஒரு நாளைக்கு 650 கிராம் உலர் உணவு. அதில் அவல், வறுத்த ரவை, சத்துமாவு பெரும்பங்கு இருக்கட்டும். நடக்கும்போது வாய்க்குக் கடலைமிட்டாய் நூறு கிராம். பசி செத்துப்போகும் உயரத்திலும் அது இறங்கும். பருப்புப்பொடி, ஊறுகாயை மறக்க வேண்டாம், மேலே போனால் நாக்குக்குக் காரம் புளிப்பு இல்லாமல் எதுவும் உள்ளே போகாது.

கோமுகம் பக்கம் ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. தபோவனில் இரவு தங்க, பதிவு செய்த நிறுவனம் வழியாகத் தனி அனுமதி வாங்க வேண்டும். வனச்சாவடியில் பிளாஸ்டிக் பொருள்களை எண்ணி வைப்புத்தொகை வாங்குவார்கள், திரும்பும்போது அதே எண்ணிக்கையைக் காட்ட வேண்டும். ஆகவே பொட்டலங்களை வீட்டிலேயே பிரித்துத் துணிப்பையில் கட்டுங்கள். போஜ்பாசாவைத் தாண்டினால் அலைபேசியை நம்ப முடியாது. வெளிநாட்டு உறவினர் கொடுத்த செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை எடுத்துப்போகாதீர்கள். அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.

கடைசியாக, கிளம்புமுன் மதுரையிலேயே பேசி முடிக்க வேண்டிய ஒன்று. போஜ்பாசாவில் இரண்டாவது இரவு முடிந்து எட்டுப் பேரில் இருவருக்குத் தலைவலி தீரவில்லை என்றால் என்ன செய்வது? அவர்களை அங்கே தனியாக விட்டுவிட்டு ஆறு பேர் மேலே போவது கூடாது. குழுவில் உடம்பு நன்றாக இருக்கும் ஒருவர் அவர்களோடு தங்க வேண்டும், அறிகுறி கூடினால் மூவரும் சேர்ந்து கங்கோத்ரிக்கு இறங்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று பெயர் சொல்லி முன்பே முடிவு செய்திருங்கள். இரண்டு வழிகாட்டிகளுக்குப் பணம் ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது. மூன்றாவது சுமைதூக்கிக்குக் கொடுக்கும் கூலியைவிட இந்தச் செலவுக்கே முதலிடம்.